கருப்பைவாய்ப் புற்றுநோயும் திண்டுக்கல் தந்த சான்றும்

மனித உடலைத் தாக்கும் புற்றுநோய்களுள், காரணம் இன்னதென்று ஐயத்துக்கிடமின்றி அறியப்பட்டு, அக்காரணத்தைத் தடுக்கும் ஊசியும், புற்றாக மாறுவதற்கு முன்பே அடையாளம் காட்டும் சோதனையும், கண்டதை அன்றைக்கே அகற்றிவிடும் எளிய கருவியும் ஒருங்கே கிடைத்திருக்கும் நோய் என்று கருப்பைவாய்ப் புற்றுநோயைச் சொல்லலாம். அப்படியிருந்தும் 2022ஆம் ஆண்டுக்கான உலக மதிப்பீட்டின்படி அவ்வோராண்டில் ஏறத்தாழ 6,60,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது; ஏறத்தாழ 3,50,000 பெண்கள் இறந்தனர். இந்தியாவின் பங்கு மட்டும் 1,27,000க்கு மேற்பட்ட புதிய நோயாளிகள், 80,000ஐ நெருங்கும் இறப்புகள். மருத்துவ அறிவு போதாமையால் நேர்ந்த இறப்புகள் அல்ல இவை. அறிந்தது உரியவரைச் சென்று சேராமையால் நேர்ந்தவை. அவ்வறிவின் முக்கியமான பகுதி ஒன்று தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமப் பெண்களிடமிருந்தே உலகுக்குக் கிடைத்தது என்பது தமிழ் வாசகர் பலரும் அறியாத செய்தி.

கருப்பையின் கீழ்ப்பகுதி குறுகிக் கழுத்துப் போலாகி யோனிக்குள் சற்றே நீட்டிக்கொண்டிருக்கும். பேச்சுவழக்கில் கர்ப்பப்பை வாய் என்று சொல்லப்படும் இப்பகுதியே கருப்பைவாய். அதன் உள்வழியை ஒற்றை அடுக்கில் அமைந்த தூண்வடிவச் செல்களும், வெளிப்பரப்பைப் பல அடுக்குகளாகப் படிந்த தட்டைச் செல்களும் மூடியிருக்கின்றன. இவ்விரு வகைச் செல்களும் சந்திக்கும் எல்லை ஓரிடத்தில் நிலைத்து நிற்பதில்லை: பருவமடையும்போதும் கருவுறும்போதும் அது வெளிநோக்கி நகர்கிறது, வயது ஏற ஏற உள்வாங்குகிறது. அவ்வாறு எல்லை நகர்ந்த பரப்பில் தூண்வடிவச் செல்கள் இருந்த இடத்தைத் தட்டைச் செல்கள் மெல்ல மெல்லப் பிடித்துக்கொள்கின்றன. மாற்ற மண்டலம் எனப்படும் இச்சிறு வளையத்தில்தான் இந்நோய் பெரும்பாலும் தொடங்குகிறது. சோதனை, சிகிச்சை ஆகிய இரண்டும் இவ்வளையத்தையே குறிவைப்பதால், இதன் இருப்பிடத்தைப் புரிந்துகொண்டால் பின்வரும் எல்லாம் தெளிவாகும்.

நோயை உண்டாக்குவது மனிதப் பாப்பிலோமா வைரஸ், சுருக்கமாக எச்.பி.வி. ஏறத்தாழ 55 நானோமீட்டர் குறுக்களவும், எண்ணாயிரம் எழுத்திணைகள் அளவே நீளமுள்ள டி.என்.ஏ. வளையமும் கொண்ட மிகச் சிறிய வைரஸ் இது. இருநூறுக்கு மேற்பட்ட வகைகள் இதில் உண்டு. சில வகைகள் கையிலும் காலிலும் மருக்களை உண்டாக்குவதோடு நின்றுவிடுகின்றன; 6, 11 ஆகிய எண்களுடைய வகைகள் பிறப்புறுப்பில் மருக்களை உண்டாக்குகின்றன. ஏறத்தாழ 12 வகைகளே புற்றுநோயை உண்டாக்கும் வல்லமை உடையவை. அவற்றிலும் 16, 18 ஆகிய இரண்டு மட்டுமே உலகில் காணப்படும் கருப்பைவாய்ப் புற்றுநோய்களில் பத்தில் ஏழுக்குக் காரணம். பாலுறவின்போது தோலும் சளிச்சவ்வும் உராய்வதால் இது தொற்றுகிறது. ஆணுறை ஓரளவு காக்குமே தவிர, அது மூடாத தோலின் வழியாகவும் வைரஸ் பரவக்கூடும். பாலுறவு வாழ்க்கை உள்ள ஆண்கள், பெண்கள் ஆகியோரில் மிகப் பெரும்பான்மையோர் வாழ்நாளில் ஒருமுறையேனும் இத்தொற்றைப் பெறுகின்றனர் என்பதால், இதை ஒழுக்கத்தோடு முடிச்சுப்போடுவது அறிவியலுக்கும் பொருந்தாது, அறத்துக்கும் பொருந்தாது.

தொற்று வேறு, நோய் வேறு. தொற்றிய பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேருக்கு, எந்த மருந்துமின்றி உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலே ஓரிரண்டு ஆண்டுகளில் வைரஸை அடக்கிவிடுகிறது. எஞ்சிய சிலருக்கு அது செல்களின் அடித்தளத்தில் நிலைத்துவிடுகிறது. அங்கே அதன் ஈ6 என்னும் புரதம், பழுதடைந்த செல்லை மடியச் செய்யும் காவலனாகிய பி53 என்ற புரதத்தைச் சிதைக்கிறது. ஈ7 என்னும் புரதம், செல் பெருகுவதைத் தடுத்து நிறுத்தும் ஆர்பி என்ற புரதத்தைச் செயலிழக்கச் செய்கிறது. கட்டுப்பாடு இழந்த செல்கள் முதலில் மேற்பரப்புக்குள்ளேயே அடங்கிய மாறுபாடுகளாக வளர்கின்றன. இவை முன்புற்று நிலை எனப்படும். பரவும் ஆழத்தையும் மாறுதலின் கடுமையையும் பொறுத்து இதை ஒன்று, இரண்டு, மூன்று என மருத்துவர்கள் தரம் பிரிப்பர். முதல் தரம் பெரும்பாலும் தானாகவே மறையும். மூன்றாம் தரம் கவனிக்கப்படாமல் விடப்பட்டால் அடித்தளச் சவ்வைத் துளைத்துக்கொண்டு புற்றாக மாறக்கூடும். தொற்றிலிருந்து புற்றுவரையிலான இப்பயணத்துக்குப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகின்றன, எச்.ஐ.வி. போன்றவற்றால் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கு 5 முதல் 10 ஆண்டுகளிலேயே இது நிகழ்ந்துவிடலாம். புகைபிடித்தல், பல பிள்ளைப்பேறு ஆகியவை இதற்குத் துணைபோகும் காரணிகள்.

இந்நோய்க்கு எச்.பி.வி.யே காரணம் என்று கண்டறிந்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த ஹரால்ட் ட்ஸுர் ஹவுஸன். 1970களில் ஆய்வாளர் பலரும் ஹெர்ப்பிஸ் வைரஸ் மீதே பழியைச் சுமத்திக்கொண்டிருந்தபோது, மருக்களை உண்டாக்கும் வைரஸ் குடும்பத்தின் மீது சந்தேகம் கொண்டு, ஏறத்தாழ பத்தாண்டுகள் தேடி, 1983இல் 16ஆம் வகையையும் 1984இல் 18ஆம் வகையையும் புற்றுத் திசுக்களிலிருந்து அவருடைய குழு பிரித்தெடுத்தது. 1951இல் ஹென்ரியட்டா லாக்ஸ் என்னும் அமெரிக்கக் கறுப்பினப் பெண்ணின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து அவருடைய ஒப்புதல் பெறாமலேயே எடுக்கப்பட்டு, இன்றளவும் உலகின் ஆய்வகங்களில் வளர்ந்துகொண்டிருக்கும் ஹீலா செல்களிலும் 18ஆம் வகை இருந்தது அப்போதுதான் தெரியவந்தது. ட்ஸுர் ஹவுஸனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்நோயைப் பற்றிய அறிவு வளர்ந்த வழி நெடுகிலும், கேட்கப்படாத பெண்களின் உடல்கள் கிடக்கின்றன என்பதை மறைப்பதற்கில்லை.

அவ்வாறு பெண்களைக் கேளாமல் செய்யப்பட்டவற்றுள் மிகக் கொடியது நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் நடந்தது. அங்குள்ள தேசிய மகளிர் மருத்துவமனையில் 1966 முதல் ஹெர்பர்ட் கிரீன் என்னும் மருத்துவர், முன்புற்று நிலை புற்றாக மாறாது என்ற தம் கருத்தை மெய்ப்பிக்க எண்ணி, அந்நிலை கண்டறியப்பட்ட பெண்கள் சிலருக்கு முழுமையான சிகிச்சை தராமல் அவர்களைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார். தாம் ஓர் ஆய்வுக்கு உட்பட்டிருக்கிறோம் என்பது அப்பெண்களுக்குத் தெரியாது. 1987இல் சாண்ட்ரா கோனி, ஃபில்லிடா பங்கிள் ஆகிய இருவரும் இதழொன்றில் எழுதிய கட்டுரையால் இது அம்பலமாகி, நீதிபதி சில்வியா கார்ட்ரைட் தலைமையில் விசாரணை நடைபெற்றது. பிற்காலத்தில் அந்த மருத்துவமனையின் ஆவணங்களை ஆராய்ந்து 2008இல் வெளியிடப்பட்ட முடிவு இது: மூன்றாம் தர முன்புற்று நிலையில் போதிய சிகிச்சையின்றி விடப்பட்டவர்களில் 30 ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 31 விழுக்காட்டினருக்குப் புற்றுநோய் வந்தது, முறையான சிகிச்சை பெற்றவர்களில் அது 0.7 விழுக்காடுதான். முன்புற்று நிலையை அகற்றினால் புற்று பெரும்பாலும் வராது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை. அச்சான்றைப் பெற்ற முறையைவிட வெட்கத்துக்குரியதும் வேறில்லை.

எனவே, தொற்றுக்கும் புற்றுக்கும் இடைப்பட்ட நீண்ட காலத்தில் ஒருமுறையோ இருமுறையோ அப்பெண்ணைச் சென்றடைந்துவிட்டால் போதும், உயிர் தப்பும். கிரேக்கத்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ஜார்ஜ் பாப்பனிகோலாவ் 1940களில் நிலைநாட்டிய பாப் ஸ்மியர் என்னும் செல்பூச்சுச் சோதனை இதைத்தான் செய்தது. கருப்பைவாயிலிருந்து செல்களைச் சுரண்டியெடுத்து, கண்ணாடித் தகட்டில் பூசி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பதே இம்முறை. ஒழுங்காக அழைப்பு அனுப்பி எல்லாப் பெண்களையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சோதித்த பின்லாந்து போன்ற நாடுகளில் நோய் வெகுவாகக் குறைந்தது. ஆனால் தகட்டைப் படிக்கப் பயிற்சி பெற்ற கண்கள் வேண்டும், நோய்க்குறியியல் வல்லுநர் வேண்டும், முடிவு வரும்வரை காத்திருந்து அப்பெண்ணை மீண்டும் அழைத்துவர வேண்டும், சில ஆண்டுகள் கழித்து இவையனைத்தையும் திரும்பச் செய்யவும் வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருவதற்கே ஒருநாள் கூலியை விட்டுக்கொடுக்க வேண்டிய பெண்ணுக்கு இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் அறுந்துபோகும் இடம்தான்.

அந்தச் சங்கிலியை ஒரே நாளுக்குள் சுருக்க முடியுமா என்ற கேள்விக்கு விடை தேடியதே திண்டுக்கல் ஆய்வு. ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையில் இயங்கும் கிறிஸ்தவத் தொண்டு மருத்துவமனையை மையமாகக் கொண்டு, பிரான்ஸின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் ரெங்கசாமி சங்கரநாராயணன், சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் ஆய்வாளர்கள் ஆகியோர் பங்கேற்க, 2000ஆம் ஆண்டு இது தொடங்கப்பட்டது. மாவட்டத்தின் 114 ஊர்த்தொகுதிகள் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கப்பட்டு, 57 தொகுதிகளில் 30 முதல் 59 வயதுவரையிலான பெண்களுக்கு ஒரே ஒருமுறை சோதனை செய்யப்பட்டது. மற்ற 57 தொகுதிகளில் வழக்கமாகக் கிடைக்கும் மருத்துவ வசதி மட்டும் தொடர்ந்தது. சோதித்தவர்கள் மருத்துவர்கள் அல்லர், இதற்கெனப் பயிற்சி பெற்ற செவிலியர்கள்.

சோதனையின் எளிமை வியக்கத்தக்கது. பெண்ணைப் படுக்கவைத்து, விரிப்பான் என்னும் கருவியால் யோனியை மெல்ல அகட்டி, நல்ல விளக்கொளியில் கருப்பைவாயைப் பார்க்கும் செவிலியர், சமையலில் ஊற்றும் வினிகரின் செறிவையொத்த 4 அல்லது 5 விழுக்காடு அசிட்டிக் அமிலத்தில் தோய்த்த பஞ்சால் அதை ஒற்றியெடுத்துவிட்டு ஒரு நிமிடம் காத்திருக்கிறார். இயல்பான பரப்பு இளஞ்சிவப்பாகவே இருக்கும். மாறுதலடைந்த செல்களில் உட்கருக்களும் புரதமும் மிகுதியாக இருப்பதால், அவ்விடம் அமிலம் பட்டதும் வெளுத்து, தெளிவான விளிம்புடைய தடித்த வெண்திட்டாக எழுகிறது. மாற்ற மண்டலத்தின் எல்லையை ஒட்டி அப்படியொரு திட்டுத் தோன்றினால் சோதனை முடிவு ‘உண்டு’, தோன்றாவிட்டால் ‘இல்லை’. ஆய்வகம் தேவையில்லை, காத்திருப்பும் தேவையில்லை. திட்டுத் தெரிந்த பெண்ணுக்கு அதே வருகையில் உருப்பெருக்கிக் கருவியால் பார்த்து, திசு எடுத்து, பொருத்தமான நிலையில் அன்றைக்கே உறைகுளிர் முறையில் செவிலியரே சிகிச்சையும் அளித்தனர். பெரிய திட்டுகளும் புற்று என ஐயுறத்தக்கவையும் மேல்மருத்துவத்துக்கு அனுப்பப்பட்டன.

தகுதியுடைய 49,311 பெண்களில் 31,343 பேர், அதாவது நூற்றுக்கு 64 பேர் அளவில், 2000க்கும் 2003க்கும் இடையே சோதனைக்கு வந்தனர். அவர்களுள் 3,088 பேருக்கு வெண்திட்டுத் தென்பட்டது. 2006வரை தொடர்ந்து கவனித்தபோது, சோதனை நடந்த தொகுதிகளில் கருப்பைவாய்ப் புற்றுநோய் நான்கில் ஒரு பங்கும், அதனால் நேரும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்திருந்தன. 2007 ஆகஸ்டில் லான்செட் இதழில் வெளிவந்த இம்முடிவு, வாழ்நாளில் ஒரே ஒரு சோதனைகூட, அதுவும் செவிலியர் கையாலும் வெறுங்கண்ணாலும் செய்யப்படும் சோதனைகூட, உயிர்களைக் காக்கும் என்று குலுக்கல்முறை ஆய்வின் வலுவோடு நிறுவியது. முப்பதுகளில் இருந்த பெண்களே மிகுந்த பயனடைந்தனர் என்பது குறிக்கத்தக்கது. எந்த வயதில் அழைக்க வேண்டும் என்ற கேள்விக்கு அது நேரடியான விடை.

மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில், இன்றைய தாராசிவில், நடந்த இணையான ஆய்வு வேறொரு பாடத்தைத் தந்தது. 1,31,746 பெண்களை நான்கு பிரிவாக்கி, எச்.பி.வி. டி.என்.ஏ. சோதனை, செல்பூச்சுச் சோதனை, அமிலச் சோதனை, சோதனையின்மை ஆகியவற்றை ஒப்பிட்ட அவ்வாய்வு 2009இல் வெளியானபோது, இறப்பைத் தெளிவாகக் குறைத்தது வைரஸின் டி.என்.ஏ.வையே தேடும் சோதனை ஒன்றுதான் எனக் கண்டது: சோதிக்கப்படாத பிரிவில் 64 இறப்புகள், டி.என்.ஏ. பிரிவில் 34. அமிலச் சோதனை திண்டுக்கல்லில் பலித்து அங்கே பலிக்காமல் போனதை ஒரு முரண்பாடாகக் கொள்ள வேண்டியதில்லை. வெண்திட்டைக் காண்பது பார்ப்பவரின் கண்ணையும் பயிற்சியையும் சார்ந்த கலை. பயிற்சியும் மேற்பார்வையும் நிகழ்விடத்திலேயே சிகிச்சையும் எத்தனை வலுவாக இருக்கின்றனவோ அத்தனை வலுவே அதற்கு உண்டு. டி.என்.ஏ. சோதனை அவ்வாறு ஆளுக்கு ஆள் மாறுவதில்லை. அதில் ‘இல்லை’ என்று வந்த பெண்ணுக்கு அடுத்த பல ஆண்டுகளுக்குப் புற்று வரும் வாய்ப்பு மிகக் குறைவு என்பதால்தான், பொதுமக்களுக்கு 30 வயதிலிருந்து 5 முதல் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்தால் போதும் என உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் அதை முதன்மைச் சோதனையாகப் பரிந்துரைத்தது, எச்.ஐ.வி. தொற்றுள்ள பெண்களுக்கு 25 வயதிலிருந்து 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை. அதற்கான மாதிரியைப் பெண்ணே தனியறையில் ஒரு பஞ்சுக்குச்சியால் எடுத்துக் கொடுத்துவிடலாம் என்பது மற்றொரு பெரும் வசதி. கால்களை அகட்டிப் படுக்கும் கூச்சமே சோதனையைத் தள்ளிப்போட வைக்கும் ஒரு சமூகத்தில், மருத்துவத் துல்லியத்துக்கு நிகராக மதிக்கத்தக்க வசதி அது.

திண்டுக்கல், உஸ்மானாபாத் ஆய்வுகளிலும், அவற்றோடு மும்பைக் குடிசைப் பகுதிகளில் நடந்த மூன்றாம் ஆய்விலும், ஒப்பீட்டுக்காகச் சோதனையின்றி விடப்பட்ட பெண்கள் பற்றிக் கடும் விமர்சனம் எழுந்தது. திண்டுக்கல்லின் ஒப்பீட்டுத் தொகுதிகளில் மட்டும் 92 பெண்கள் இந்நோயால் இறந்தனர். அவ்வூர்களில் வழக்கமான மருத்துவ வசதி என்பதே சோதனையின்மைதான் என்று ஆய்வாளர்கள் வாதிட்டனர். செல்பூச்சுச் சோதனையின் பயன் ஏற்கெனவே தெரிந்திருக்க, எதுவும் தராத பிரிவு ஒன்றை வைத்தது தவறு என்றனர் விமர்சகர்கள். அமிலச் சோதனை கிராமச் சூழலில் பயன் தருமா என்பது அன்று உண்மையிலேயே திறந்த கேள்வியாக இருந்ததால் ஆய்வாளர்களை ஆக்லாந்து மருத்துவரோடு ஒப்பிடுவது நேர்மையாகாது. ஆனால் விடை கிடைத்த பின்பும் பல்லாண்டுகளாக அதை நடைமுறைக்குக் கொண்டுவராமல் விட்ட ஆட்சியமைப்புக்கு அத்தகைய சமாதானம் எதுவும் இல்லை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 30 முதல் 49 வயதுவரையிலான இந்தியப் பெண்களில் வாழ்நாளில் ஒருமுறையேனும் கருப்பைவாய்ச் சோதனை செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு இருவர்கூட இல்லை. தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் 2007இல் முன்னோடித் திட்டமாகத் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுமைக்கும் விரித்த தமிழ்நாடு, மற்ற மாநிலங்களைவிட வெகுவாக முந்தியிருந்தும், அதே ஆய்வில் எட்டியது பத்து விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவே.

சோதனையில் ‘உண்டு’ என்று வந்த பெண்ணுக்குச் சொல்லப்படும் முதல் சொற்கள் மிகுந்த கவனத்துக்குரியவை. வைரஸ் இருப்பதாகச் சொன்னால் புற்றுநோய் என்று அவர் கேட்டுக்கொள்கிறார். பாலுறவால் தொற்றியது என்று சொன்னால் வீட்டில் சந்தேகம் குடியேறுகிறது. இன்று தென்படும் வைரஸ் பத்து, பதினைந்து ஆண்டுகளாக உடலில் ஒடுங்கிக் கிடந்ததாக இருக்கலாம். எப்போது, யாரிடமிருந்து வந்தது என்பதை எந்தச் சோதனையாலும் சொல்ல முடியாது. கணவனோ மனைவியோ நடத்தை தவறியதற்கான சான்றாக அதைக் கொள்ள எந்த ஆதாரமும் இல்லை. இதைச் சொல்லாமல் முடிவுத்தாளை மட்டும் கையில் கொடுத்தனுப்பும் சோதனை முகாம் அப்பெண்ணுக்குத் தீங்கையே செய்கிறது.

வைரஸை உடலிலிருந்து விரட்டும் மருந்து இதுவரை இல்லை. சிகிச்சை வைரஸுக்கன்று, அது உண்டாக்கிய மாறுபாட்டுக்கு. உறைகுளிர் முறையில் நைட்ரஸ் ஆக்சைடு அல்லது கரியமில வாயுவால் குளிரூட்டப்பட்ட உலோக முனையைக் கருப்பைவாயில் மூன்று நிமிடம் வைத்து, ஐந்து நிமிடம் உருகவிட்டு, மீண்டும் மூன்று நிமிடம் வைக்கின்றனர். உறைந்த செல்கள் மடிந்து, சில வாரங்களுக்கு நீராகக் கழிந்து, புதிய தோல் மூடிக்கொள்கிறது. கனத்த வாயு உருளையைக் கிராமத்துக்குச் சுமந்து செல்வது இதிலுள்ள தொல்லை. அதனால் மின்கலத்தில் இயங்கும் கைக்கருவியின் முனையை ஏறத்தாழ 100 பாகை செல்சியஸுக்குச் சூடேற்றி ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம் வைத்தெடுக்கும் வெப்பமுறை இன்று பரவிவருகிறது. கருப்பைவாயில் நரம்பு முனைகள் குறைவாதலால், மாதவிலக்கின்போது வருவதையொத்த பிடிப்பு வலியே பெரும்பாலோர் உணர்வது. திட்டுப் பெரிதாகவோ உள்வழிக்குள் நீண்டோ இருந்தால், மின்சாரம் பாயும் மெல்லிய கம்பி வளையத்தால் மாற்ற மண்டலத்தையே செதுக்கி எடுத்துத் திசுச் சோதனைக்கு அனுப்புவர். இச்சிகிச்சைகள் எதிலும் கருப்பை அகற்றப்படுவதில்லை, கருத்தரிக்கும் ஆற்றலும் பொதுவாகக் குன்றுவதில்லை. வெள்ளைப்படுதலுக்கும் சிறு புண்ணுக்குமாகக் கருப்பையையே எடுத்துவிடும் வழக்கம் நாட்டின் சில பகுதிகளில் வேரூன்றியிருப்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவகாசம் கடந்துவிட்டால் கதை மாறுகிறது. உடலுறவுக்குப் பின் இரத்தம் கசிதல், மாதவிலக்குகளுக்கு இடையில் அல்லது மாதவிலக்கு நின்று பல ஆண்டுகளுக்குப் பின் இரத்தப்போக்கு, துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல், இடுப்பு வலி ஆகியவை புற்று வந்த பின்பே தோன்றும் அறிகுறிகள். முன்புற்று நிலையில் எந்த அறிகுறியும் இராது. ‘எனக்கு ஒன்றும் இல்லையே, எதற்குச் சோதனை’ என்னும் கேள்விக்கு இதுவே பதில். புற்று கருப்பைவாய்க்குள் அடங்கிச் சிறிதாக இருந்தால், கருப்பையையும் அதைச் சூழ்ந்த இணைப்புத் திசுவையும் நிணநீர்க் கணுக்களையும் சேர்த்து அகற்றும் அறுவையால் குணமாக்கிவிடலாம். அதைத் தாண்டினால் முதன்மைச் சிகிச்சை கதிர்வீச்சு: ஏறத்தாழ ஐந்து வாரங்கள் வெளியிலிருந்து கதிர்வீச்சும், வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் மருந்தும், அதன்பின் கதிரியக்கப் பொருளைக் கருப்பைவாயிலேயே சிறிது நேரம் வைத்தெடுக்கும் உள்கதிர்வீச்சும் சேர்ந்தது அது. புற்று இடுப்புச் சுவரை எட்டிய நிலையிலிருந்த 850 பெண்களை வைத்து மும்பை டாடா நினைவு மருத்துவமனை நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், கதிர்வீச்சோடு சிஸ்பிளாட்டினும் பெற்றவர்களில் 54 விழுக்காட்டினர் ஐந்தாண்டுகளுக்குப் பின்னும் உயிரோடிருந்தனர். கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 46 விழுக்காட்டினர். முற்றிய நிலையிலும் பாதிப்பேருக்கு மேல் பிழைக்கலாம் என்ற இச்செய்தி, ‘புற்று வந்தால் அவ்வளவுதான்’ என்று கைவிடும் குடும்பங்களுக்குச் சென்றுசேர வேண்டியது. ஆனால் முழுச் சிகிச்சையும் எட்டு வாரங்களுக்குள் முடிய வேண்டும். இடையில் நின்று தொடர்ந்தால் பயன் குறைகிறது. பேருந்துக் கட்டணம், இழந்த கூலி, வீட்டில் விட்டுவந்த பிள்ளைகள் என நாள்கள் தவறுவதற்கான காரணங்கள் பெரும்பாலும் மருத்துவமனைக்கு வெளியே இருப்பதால், நோயாளியும் துணையாளும் தங்க இடமும் உணவும் தருவதையும் சிகிச்சையின் பகுதியாகவே எண்ண வேண்டும். எதுவும் செய்யப்படாவிட்டால் புற்று சிறுநீர்க்குழாய்களை நெருக்க, சிறுநீரகங்கள் செயலிழந்து இறப்பு நேர்கிறது. அந்நிலையிலும் வலியைத் தணிக்க மார்ஃபின் கிடைப்பது எந்தப் பெண்ணுக்கும் உரிய உரிமை.

தடுப்பூசியின் கதை ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் தொடங்குகிறது. 1991இல் அங்கே பணியாற்றிய ஜியான் சோ, இயன் ஃப்ரேசர் ஆகியோர், வைரஸின் மேலுறைப் புரதங்களை மட்டும் உருவாக்கினால் அவை தாமாகவே ஒன்றுகூடி வைரஸ் உருவத்தைப் பெறுவதைக் கண்டனர். உள்ளே டி.என்.ஏ. இல்லாத வெறும் கூடாதலால் அது தொற்றவோ புற்றை உண்டாக்கவோ இயலாது; உடலோ அதை உண்மை வைரஸென எண்ணி எதிர்ப்பொருளைச் சுரந்துவிடுகிறது. 2006இல் முதல் ஊசி அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இந்தியாவில் உருவான செர்வாவாக் 2022இல் அனுமதி பெற்றது. ஊசி ஏற்கெனவே உள்ள தொற்றைக் குணமாக்காது. அதனால்தான் வைரஸைச் சந்திக்கும் முன்பே, 9 முதல் 14 வயதுக்குள், போடப்படுகிறது. இங்கிலாந்தில் 12, 13 வயதில் ஊசி பெற்ற தலைமுறையில் கருப்பைவாய்ப் புற்றுநோய் ஏறத்தாழ 87 விழுக்காடு குறைந்ததாக 2021இல் ஆய்வு முடிவு வெளியானது.

இந்தியாவிலோ ஊசியின் தொடக்கமே தடுமாற்றமாயிற்று. 2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம், குஜராத்தின் வதோதரா மாவட்டங்களில் ஓர் அமெரிக்கத் தொண்டு அமைப்பு நடத்திய செயல்விளக்கத் திட்டத்தின்போது ஊசி பெற்ற சிறுமியருள் ஏழு பேர் இறந்தனர். இறப்புகளுக்கு ஊசி காரணமன்று என்று விசாரணையில் தெரியவந்தது. ஆனால் விடுதிக் காப்பாளர்களே பெற்றோருக்குப் பதிலாக ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிட்டிருந்தனர் என்பதும் வெளிப்பட்டது. 2013இல் நாடாளுமன்றக் குழு இதைக் கண்டித்தது முற்றிலும் சரியே. பழங்குடிச் சிறுமியரிடம் ஒப்புதலைச் சடங்காக்கியதால் விளைந்த அவநம்பிக்கைக்கு, ஊசி கிடைக்காமல் வளர்ந்துவிட்ட ஒரு தலைமுறைப் பெண்கள் விலை கொடுத்திருக்கிறார்கள்.

அந்தத் தடுமாற்றத்திலிருந்தே எதிர்பாராத ஓர் அறிவும் பிறந்தது. இரண்டு தவணை போதுமா, மூன்று வேண்டுமா என்று அறிய 2009இல் அம்பிளிக்கை உட்பட நாட்டின் பல மையங்களில் வேறோர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. கம்மம் சர்ச்சையால் 2010 ஏப்ரலில் அரசு எல்லா எச்.பி.வி. ஊசி ஆய்வுகளையும் நிறுத்தியபோது, அதில் சேர்ந்திருந்த 17,729 சிறுமியருள் 4,949 பேர் ஒரே தவணையோடு நின்றுபோயினர். ஆய்வாளர்கள் அவர்களைக் கைவிடாமல் ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்தனர். 2021இல் வெளியான முடிவு மருத்துவ உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது: 16, 18 வகைகளின் நிலைத்த தொற்றைத் தடுப்பதில் ஒரு தவணைக்கு 95.4, இரண்டு தவணைக்கு 93.1, மூன்று தவணைக்கு 93.3 விழுக்காடு பயன். அதாவது வேறுபாடே இல்லை. கோஸ்டாரிக்காவிலும் கென்யாவிலும் கிடைத்த சான்றுகளோடு இதையும் சேர்த்துப் பார்த்தே, 9 முதல் 20 வயதினருக்கு ஒரு தவணை போதும் என 2022இல் உலகச் சுகாதார நிறுவனம் ஏற்றது. எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கு மட்டும் கூடுதல் தவணைகள் வேண்டும். ஏழை நாடுகளில் ஒரே மருந்துக் கையிருப்பைக் கொண்டு இரண்டு மடங்கு சிறுமியரைக் காக்கலாம் என்பது இதன் நடைமுறைப் பொருள்.

சிக்கிம் 2018இல் பள்ளிகள் வழியே ஏறத்தாழ எல்லாச் சிறுமியரையும் எட்டிக் காட்டியது. இலங்கை 2017 முதல் ஆறாம் வகுப்பு மாணவியருக்குத் தேசியத் தடுப்பூசித் திட்டத்திலேயே இதைச் சேர்த்தது. 1996 முதல் இயங்கும் நல்வாழ்வுப் பெண்கள் சிகிச்சை நிலையங்கள் அங்கே சோதனைக்கு ஏற்கெனவே வழியமைத்திருந்தன. தமிழ்நாடு 2025–26 நிதிநிலை அறிக்கையில் 14 வயதுச் சிறுமியருக்குப் படிப்படியாக ஊசி போட 36 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2030க்குள் 15 வயது நிறைவதற்குள் சிறுமியரில் 90 விழுக்காட்டினருக்கு ஊசி, 35 வயதுக்குள்ளும் மீண்டும் 45 வயதுக்குள்ளும் 70 விழுக்காட்டுப் பெண்களுக்குத் தரமான சோதனை, மாறுபாடோ நோயோ காணப்பட்டவர்களில் 90 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்த இலக்கு. இம்மூன்றில் ஊசிக்கு மட்டும் விழா எடுத்து மற்ற இரண்டை மறப்பது எளிது; ஆனால் இன்று முப்பதும் நாற்பதும் வயதான, ஊசியின் காலத்தைக் கடந்துவிட்ட கோடிக்கணக்கான பெண்களுக்குச் சோதனையைத் தவிர வேறு காப்பு இல்லை.

ஊசி பெற்றவர்களுக்கும் சோதனை வேண்டும், ஏனெனில் எந்த ஊசியும் புற்றுண்டாக்கும் எல்லா வகைகளையும் தடுப்பதில்லை. 2009இல் அம்பிளிக்கையிலும் பிற மையங்களிலும் பத்து முதல் பதினெட்டு வயதுச் சிறுமியராக ஒரு தவணை ஊசியோடு நின்றவர்கள் இப்போது முப்பதைத் தொடும் பெண்கள். பலர் மணமாகித் தாய்மாராகி, சோதனைக்குரிய வயதுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். தங்கள் உடலால் உலகின் ஊசி அட்டவணையையே மாற்றியெழுத உதவிய அவர்களையும், அவர்களுக்கு முன்பு அமிலச் சோதனைக்குப் படுத்த அவர்களுடைய தாய்மார் வயதுப் பெண்களையும் தேடிச்சென்று, ஊரிலேயே ஒரு பஞ்சுக்குச்சியைக் கையில் கொடுத்து, முடிவைச் சொல்லி, தேவைப்பட்டால் அன்றைக்கே சிகிச்சையும் அளிக்கும் ஏற்பாடு, திண்டுக்கல்லுக்கும் அதைப் போன்ற எல்லா மாவட்டங்களுக்கும் இன்னும் வந்துசேர வேண்டியிருக்கிறது.